பார் வெளுத்த வருஷம்

ஏப்ரல் 11

தெப்பத்தில் கடற்பாசி கட்டி முடித்து, குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்காருகிறேன். இந்த நோட்டைக் கொடுத்தது சுகிர்தா மேடம். மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் வாழ்ந்த பெண்கள் தங்கள் வாழ்க்கையை எழுதிய புத்தகங்கள்தான் அவருடைய ஆராய்ச்சியாம். கடலுக்குள் முங்கி வேலை செய்கிற பெண் எழுதியது ஒன்றுகூடத் தன் கையில் கிடைக்கவில்லை, நீங்கள் எழுதுங்கள், அச்சில் கொண்டுவரலாம் என்றார். தினமும் வேண்டாம், தோன்றும்போது எழுதினால் போதும், தேதி மட்டும் போடுங்கள் என்றார்.

என் பெயர் நம்புசெல்வி. ஊர் சங்குமுனை. பத்தாவது வரை படித்திருக்கிறேன். வீட்டுக்காரர் கொச்சிப் பக்கம் விசைப்படகில் வேலை பார்க்கிறார், பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள்.

கடலுக்கடியில் பவளம் கல்லாக வளர்ந்து கிடக்கிற இடத்தை நாங்கள் பார் என்போம். கொம்புத்தீவைச் சுற்றி அப்படி ஒரு பார் இருக்கிறது. கலியாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பாரில் முங்கித்தான் பாசி எடுத்தேன். வனத்துறை கெடுபிடி கூடியபிறகு ஒரு கம்பெனி வந்து, கரையோரமாகவே மூங்கில் தெப்பம் போட்டு வெளிநாட்டுப் பாசி வளர்க்கச் சொல்லிக் கொடுத்தது. ஊர்ப் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பேசிக் குழு சேர்த்தது நான்தான். குழுவுக்கு நான் செயலாளர்.

முத்திருளாயி அக்கா பற்றியும் எழுத வேண்டும். என் வீட்டுக்காரரின் அண்ணன் சேதுராமு அத்தானின் மனைவி. என் ஓரகத்தி. இத்தனை வருஷமும் ஒரே வள்ளத்தில் போய் ஒரே பாரில் முங்கியவர்கள் நாங்கள்.

முதல் பக்கத்தில் ‘கடல் எங்கள் தாய்’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “சினிமாப் பாட்டு மாதிரி இருக்குத்தா” என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ஏப்ரல் 12

மீன் இல்லை. கருவாடும் ரசமும்.

ஏப்ரல் 18

மீன் முட்டை போடுகிற காலம். தீவுப் பக்கம் பாசி எடுக்க யாரும் போவதில்லை. இது வனத்துறை போட்ட கட்டுப்பாடு இல்லை, பாசி எடுக்கிற பெண்கள் கூடிப் பேசி நாங்களே போட்டுக்கொண்டது. தெப்ப வேலை மட்டும் நடக்கிறது.

வெயில் காலத்தில் மேல் தண்ணீர் சுடும், காலடியில் குளிர்ந்து கிடக்கும். இன்று காலடியும் சுட்டது. காற்று கொஞ்சமும் இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடக்கிறது.

அக்கா பாதி வேலையில் கரையேறி உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலியாம். வேலையைப் பாதியில் விட்டு அவள் எழுந்து நான் பார்த்ததில்லை. நாளைக்குச் சரியாகிவிடும்.

ஏப்ரல் 27

தெப்பத்துப் பாசி வெளுக்கிறது. பச்சையும் தவிட்டு நிறமுமாகத் திரண்டு இருந்தது, நுனியிலிருந்து வெள்ளையாகிப் பிசுபிசுவென்று கையோடு வருகிறது. பிடித்தால் ஒடிந்து தண்ணீரில் போய்விடுகிறது. கம்பெனி ஆளுக்குப் போன் செய்தேன். எல்லா ஊரிலும் இதே நோய்தான், சூடு தணிந்தால் திரும்பி வரும், நல்ல துண்டாகப் பார்த்து மறுபடி கட்டுங்கள் என்றார். கட்டினோம். நல்ல துண்டு தேடுவதற்கே மதியமாகிவிட்டது.

மே 5

கட்டுப்பாட்டை மீறி நானும் அக்காவும் பாருக்குப் போனோம். பாசி எடுக்கப் போகவில்லை. மீன் பிடிக்கப் போய் வந்த ஆட்கள், பார் முழுக்க வெள்ளையாகத் தெரிகிறது என்று கரையில் பேசிக்கொண்டார்கள். பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனோம்.

கண்ணாடியை மாட்டி முகத்தை முக்கினேன். சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. கொம்பு கொம்பாக நிற்கிற கல், தட்டுத் தட்டாக அடுக்கிய கல், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிற கல் எல்லாமே வெள்ளை. வெயில் பட்டுக் கடலடியே பளீரென்று இருந்தது. முதலில் பார்த்தபோது அழகாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு சத்தமும் இல்லை என்று தெரிந்தது. பாருக்குள் எப்போதும் அரிசி பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது இல்லை.

தீவுக்கு வடக்கே, வாடைப் பக்கம் பார் வெளுக்கவில்லை. ஏன் என்று கிட்டே போய்ப் பார்த்தோம். அங்கே கல்லே தெரியவில்லை. எங்கள் தெப்பத்துப் பாசி கல்லின்மேல் பாய் விரித்தது போல மூடிக் கிடந்தது. நாங்கள் கட்டக் கட்ட ஒடிந்து போன துண்டெல்லாம் நீரோட்டத்தில் போய் அங்கே பிடித்திருக்கிறது. கரையில் அழுகுகிற பாசி அங்கே மட்டும் கொழுத்து நிற்கிறது.

அக்கா ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். அடியில் கல் கறுத்து, தொட்டால் பொடிந்தது. வள்ளத்தில் ஏறிக் கரைக்கு வந்தோம்.

மே 8

சுகிர்தா மேடம் வந்தார். நாங்கள் பார்த்ததைச் சொன்னேன். தான் படிப்பதெல்லாம் இதுதான் என்றார். பெண்ணையும் இயற்கையையும் இந்த உலகம் ஒரே விதமாக நடத்துகிறது, எவ்வளவு எடுத்தாலும் கொடுத்துக்கொண்டே இருக்கும், வாய் திறந்து கேட்காது என்று நினைக்கிறது. அதனால் அதன் வலி பெண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது என்று பல பெண்கள் எழுதியிருக்கிறார்களாம்.

அக்கா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னைய மாதிரின்னா கடலும் பாவந்தான்” என்றாள். பிறகு, “ஆனா நாங்களும் கேட்டுட்டா எடுத்தோம்? நாங்களுந்தான புடுங்குனோம். அந்தப் பாசியக் கொண்டுவந்து விட்டதும் நாங்கதான” என்றாள்.

மேடம் அதை மறுக்கவில்லை. கையால் பிடுங்கியது மறு வருஷம் வளர்ந்தது, நீங்களே கட்டுப்பாடும் போட்டீர்கள், வெளிநாட்டுப் பாசியைக் கொண்டுவந்தவர்கள் இதெல்லாம் நடக்கும் என்று உங்களிடம் சொன்னார்களா என்று கேட்டார். சொல்லவில்லை. “அப்ப உங்க பங்கும் அவுங்க பங்கும் ஒண்ணு இல்லக்கா” என்றார். அக்கா யோசித்துவிட்டு, அது சரிதான் என்றாள். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

குழுவுக்கு ஆள் சேர்த்தது நான் என்பதை அந்தப் பேச்சில் யாரும் சொல்லவில்லை.

மே 21

தெப்பத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் கயிறு. கம்பெனி ஆள் போன் எடுப்பதில்லை. மூங்கிலை இழுத்துக் கரையில் போட்டோம். ஆடுகள் அதன்மேல் ஏறி நிற்கின்றன.

ஜூன் 3

வனத்துறையிலிருந்து வந்தார்கள். பாரை மூடியிருக்கிற பாசியை அகற்ற வேண்டும், முங்கத் தெரிந்தவர்கள் வேண்டும், தினக்கூலி உண்டு என்றார்கள். ஊரில் முங்கத் தெரிந்தவர்கள் பாசி எடுக்கிற பெண்கள்தான். பெயர்களை நான் எழுதிக் கொடுத்தேன். தீவுக்குப் போனால் பையைப் பிடுங்குகிற வனவரே இன்று வள்ளத்தில் எங்களுக்குக் கை கொடுத்து ஏற்றினார். நல்ல மனிதர்தான். ஒரு துண்டு தவறினாலும் அது மறுபடி வளரும், பிடுங்கியதைக் கவனமாகப் பையில் போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கினோம். பிடித்து இழுத்தால் பாசி முழுசாக வருவதில்லை. ஒடிகிறது. பைக்குள் போவது பாதி, ஓட்டத்தில் போவது பாதி. பக்கத்தில் முங்கியிருக்கிறவளின் கையிலிருந்து நழுவிய துண்டுகள் என் கண்ணாடிக்கு முன்னால் மிதந்து போகின்றன. எட்டிப் பிடிக்கிறேன், என் கையில் இருப்பது நழுவுகிறது.

அக்கா மூச்சு வாங்க மேலே வந்தவள், “நட்டதும் நம்ம கை, புடுங்குறதும் நம்ம கை” என்றாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள்.

ஜூன் 5

மூன்றாம் நாள். மதியம் அக்கா வள்ளத்தில் ஏறும்போது அவள் காலில் வழிந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. கல் கீறிவிட்டது என்றாள். காலைப் பார்த்தேன், கீறல் இல்லை. கல்லாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

தெற்கிலிருந்து சோழகக் காற்று ஏறுகிறது. நாளை முதல் வேலை இல்லை என்றார் வனவர். மூடியிருந்ததில் கால்வாசிகூட எடுக்கவில்லை.

ஜூன் 14

அக்கா வீட்டுப் பின்னால் பாவாடைகள் காய்ந்தன. ஒரே நாளில் அத்தனை பாவாடை எதற்கு என்று கேட்டேன். மாதவிடாய் நின்று வருஷங்கள் ஆன பிறகு இப்போது திரும்ப வருகிறதாம். விட்டு விட்டு, தை மாதத்திலிருந்தே.

“திரும்பக் குமரியாயிட்டேன்த்தா” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 23

அக்கா வர மாட்டேன் என்கிறாள். சோழகம் முடியட்டும் என்கிறாள். சேதுராமு அத்தானிடம் பேசினேன். பொம்பளை வியாதி, அவளுக்கே தெரியும், நான் போய் என்ன சொல்ல என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்து போயிருக்கிறார்.

ஜூலை 8

மேடமே கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா மறுபேச்சில்லாமல் ஏறினாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். மதுரையில் பெரியாஸ்பத்திரி. மேடம் எங்களோடு வரிசையில் நின்றார், சீட்டு வாங்கினார், எங்கே போக வேண்டும் என்று விசாரித்து விசாரித்துக் கூட்டிப் போனார். டாக்டரம்மா அக்காவை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இத்தனை மாசம் ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டார்.  சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 20

கர்ப்பப்பை வாயில் புற்று. பரவிவிட்டது. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டதாம், கரண்ட் வைத்து, கதிர் கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். அத்தான் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தவர் எழவே இல்லை.

அக்கா என்ன சொன்னார்கள் என்று என்னைக் கேட்டாள். கர்ப்பப்பையில் புண், ஆறிவிடும் என்றேன். சரி என்றாள். அந்தப் பகுதியின் வாசலில் பெரிய எழுத்தில் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருக்கிறது. அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்பது எனக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜூலை 27

மேடத்திடம் கேட்டேன். இத்தனை வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்ததால் வந்ததா, கெட்டுப்போன கடலால் வந்ததா என்று. புத்தகத்துக்கு அப்படி இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்றும் சொன்னேன்.

இல்லை என்றார். டாக்டரிடம் அவரும் இதைத்தான் கேட்டாராம். இது ஒரு கிருமியால் வருவது, எந்த ஊர்ப் பெண்ணுக்கும் வரும், முன்கூட்டியே ஒரு சின்னப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். “பொருத்தமா இருக்குன்னு நாம பொய் எழுதக் கூடாது. கடல் சூடானதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ரெண்டையும் நேரத்துக்கு வந்து யாரும் பாக்கல, அவ்வளவுதான்” என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11

ஊரில் அந்தப் பரிசோதனைக்கு முகாம். மேடம்தான் அலைந்து ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூடத்தில் திரை கட்டி, நர்சுகள் வந்து பெண்களைப் பரிசோதித்தார்கள். வெட்கப்பட்டவர்களை வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பெயர் எழுதினேன், கைப்பிள்ளைக்காரிகளின் பிள்ளைகளை வைத்துக்கொண்டேன், டீ போட்டுக் கொடுத்தேன். எல்லாருக்கும் முடிந்தபோது நர்சம்மா, நீங்க வரலையா என்றார். பாத்திரமெல்லாம் கிடந்தது. கழுவ வேண்டியிருந்தது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எனக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13

கறுப்புப் பாவாடை இரண்டு வாங்கினேன்.

செப்டம்பர் 9

மதுரையில் அக்காவோடு இருக்கிறேன். தினமும் கரண்ட் வைக்கிறார்கள். உள்ளெல்லாம் வெந்துவிட்டது என்கிறாள். சோறு இறங்குவதில்லை. ஜன்னல் வழியாக ஒரு வேப்பமரமும் வண்டி நிறுத்துகிற இடமும் தெரிகின்றன. இத்தனை நாள் கடலைப் பார்க்காமல் இருந்தது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் முறையாம். காது அடைத்துக்கொண்டது மாதிரி இருக்கிறது என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். களை எடுக்கப் போகிறவள். அவளும் அக்காவும் எந்தக் களை கையோடு வரும், எது ஒடியும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று காலை அந்தக் கட்டில் காலி.

செப்டம்பர் 30

நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

அக்டோபர் 6

சோழகம் ஓய்ந்து வனத்துறை மறுபடி கூப்பிட்டது. போனேன். ஜூனில் நாங்கள் சுத்தம் செய்த இடத்தில் பாசி முன்பைவிடத் தடிப்பாக மூடியிருக்கிறது. வெளுத்த பார் இப்போது வெள்ளையாக இல்லை. தவிட்டு நிறத்தில் அழுக்குப் படிந்து, குப்பை கொட்டிய கட்டிடம் மாதிரி இருக்கிறது. கல் உயிரோடு இருக்கிறதா என்று வனவரிடம் கேட்டேன். வெளுத்த கல் சில சமயம் பிழைக்கும், சூடு சீக்கிரம் தணிந்தால் நிறம் திரும்பும், இந்த வருஷம் தணியவில்லை என்றார். பிழைத்த கல் ஒன்றுகூட இல்லையா என்றேன். ஆழத்துப் பக்கம் இருக்கலாம் என்றார். ஆழத்தில் போய்ப் பார்க்க அவரிடம் ஆள் இல்லை.

நான் இரண்டு முறைதான் முங்கினேன். குளிராக இருந்தது, வள்ளத்தில் உட்கார்ந்து பைகளை வாங்கி அடுக்கினேன்.

நவம்பர் 2

மழை. அக்கா வீட்டு ஓடு ஒழுகுகிறது. கட்டிலை நகர்த்திப் போட்டோம். பெண்டுகள் நான்கைந்து பேர் வேறு வழியில்லாமல் தீவுக்குப் பாசி எடுக்கப் போனார்கள். எடுத்ததை வனவர் கடலில் கொட்டச் சொல்லிவிட்டார். சட்டம் அப்படி என்றார். எடுத்ததும் ஒன்றும் இல்லை, பையின் அடி நனையும் அளவுதான் என்று அவர்களே சொன்னார்கள்.

நவம்பர் 3

மாத்திரைக்கு ராமநாதபுரம் போய் வந்தேன்.

டிசம்பர் 15

மேடம் வந்து அக்காவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆராய்ச்சிக் காலம் முடிகிறது, இனி அடிக்கடி வர முடியாது. என் நோட்டில் பார் வெளுத்த பக்கங்களை மட்டும் காட்டினேன், படித்தார். புத்தகம் போடுகிறவர்கள் கடைசியில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தால் நல்லது, வாசிக்கிறவர்கள் அதை எதிர்பார்ப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்களாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

“நான் படிச்ச புத்தகங்கள்ல கடைசியில காடு துளிர்க்கும். எழுதினவங்க மனசும் ஆறும். இத்தனை வருஷமா அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்” என்றார். பிறகு, “உங்களுக்கு அப்படி நடக்கலன்னா நீங்க எழுத வேண்டாம் செல்வி. அச்சில வரலன்னாலும் பரவால்ல” என்றார்.

அக்கா மேடத்தின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் போன பிறகு, “நல்ல பிள்ள. அலைஞ்சு அலைஞ்சு கறுத்துப் போச்சு” என்றாள்.

ஜனவரி 17

அக்கா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு தரம் பாருக்குப் போக வேண்டும் என்று. அத்தான் முடியாது என்றார். பிறகு அவரே வள்ளத்தைத் தயார் செய்தார். வனவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

காலை வெயிலில் போனோம். அத்தான் வள்ளத்தில் பாய் விரித்து, அக்காவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். அவ்வளவு இலேசாக இருந்தாள். தண்ணீர் தெளிவு. காற்று இல்லை. வாடைப் பக்கம் போக வேண்டாம் என்று அத்தானிடம் கண்ணைக் காட்டினேன். மேற்கே, கச்சான் பக்கம் நாங்கள் வழக்கமாக முங்குகிற இடத்தில் நிறுத்தினார்.

அக்கா விளிம்பில் கையைப் போட்டு விரலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, “முங்கிப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றாள்.

முங்கினேன். வாடைப் பக்கத்துப் பாசி இங்கேயும் வந்துவிட்டது. பாசி இல்லாத இடத்தில் கொம்புகள் ஒடிந்து குவிந்து கிடந்தன. தட்டுக்கல் ஒன்றைப் பிடித்துத் திருப்பினேன், அடியிலாவது நிறம் இருக்கிறதா என்று. இல்லை. இன்னொன்றைத் திருப்பினேன். மூச்சு முட்டும்வரை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். மேலே வந்து வள்ளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“எப்படி இருக்கு?”

“தெளிஞ்சிருச்சுக்கா. கல்லுக்கு நிறம் வந்திருக்கு. கொம்பு நுனியில எல்லாம் நீலம் தெரியுது.”

“மீனு?”

“நிறைய. கூட்டமா மேயுது.”

அக்கா என்னைப் பார்த்தாள். வள்ளத்தைப் பிடித்திருந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்ணெல்லாம் தவிட்டு நிறச் சேறும் கல்பொடியும் ஏறியிருந்தன. ஒவ்வொரு விரலாகத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். நேரம் எடுத்துத் துடைத்தாள்.

“சரித்தா, போவோம்” என்றாள்.

அத்தான் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கரைக்கு வந்து அக்காவுக்குக் கஞ்சி கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்தாள். கல் பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 4

இன்று விடிகாலை அக்கா போய்விட்டாள்.

பிப்ரவரி 5

எடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து வர முடியவில்லை. மகள் வந்தாள், சாயங்காலமே போய்விட்டாள், லீவு இல்லை. மேடம் வந்திருந்தார். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்று அவரிடம் சொன்னேன். கரையோடு இரண்டு பேரும் கொஞ்ச தூரம் நடந்தோம். 

பிப்ரவரி 20

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. சேதுராமு அத்தானுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் வலை பின்னுவது போல உட்கார்ந்திருக்கிறார், கை நகரவில்லை.

மார்ச் 9

கம்பெனி ஆள் வந்தார். பத்து மாசமாகப் போன் எடுக்காதவர் பழக்கடையிலிருந்து ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். புதிய வகைப் பாசி, சூடு தாங்கும், சோதித்துப் பார்த்தாயிற்று என்றார். ஒடிந்து பாருக்குப் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். இந்தத் தடவை தெப்பத்துக்கு அடியில் வலை கட்டித் தருவோம் என்றார். போன தடவையும் வலை இருந்தது, ஓரா மீன் கடித்துக் கிழித்தது என்றேன். இது தடித்த வலை என்றார். மூங்கில் பழசே இருக்கிறது, நீங்கள் பெயர் கொடுத்தால் போதும் என்றார்.

பெண்களைக் கூட்டிக் கேட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். பாரில் பார்த்ததைச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். பிறகு ஒருத்தி, “தீவுக்கும் விடல. வேற என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க மதினி” என்றாள். 

பெயர்களை எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 14

சுகிர்தா மேடம் போனில் பேசினார். எப்படி இருக்கீங்க என்றார். நல்லா இருக்கிறேன் என்றேன். முகாமில் அன்றைக்குப் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா, இப்போதுதான் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடினேன், காணவில்லையே என்றார். விடுபட்டிருக்கும் என்றேன். மதுரைக்கு வாருங்கள், ஒரு நாள் போதும் என்றார். தெப்பம் இறக்கிவிட்டு வருகிறேன் என்றேன்.

மார்ச் 26

தெப்பம் கட்டுகிற வேலை. விடிந்ததிலிருந்து கரையில் வரிசையாக உட்கார்ந்து கயிற்றில் பாசித் துண்டு கட்டினோம். புதுப் பாசி கொஞ்சம் சிவந்த நிறம். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். அக்கா இருந்தால் எனக்கு இடப்பக்கம் உட்காருவாள். இன்று அங்கே புதிதாகக் கலியாணமாகி வந்த ஒரு பெண், ரோகிணி என்று பெயர். முடிச்சை இறுக்கப் பார்த்தாள். இறுக்கினால் வளர வளர ஒடியும், கொஞ்சம் இளக்கமாகப் போடு என்றேன். இளக்கமாகப் போட்டால் நழுவிப் போகாதா என்று கேட்டாள். அதுவும் போகும் என்றேன்.

முதல் தெப்பத்தைத் தூக்கித் தண்ணீரில் இறக்கக் கூப்பிட்டார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். நானும் எழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது நான் உட்கார்ந்திருந்த இடத்தில் மணல் சிவந்திருந்தது. ரோகிணி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், வேறு யாரும் பார்க்கவில்லை. காலால் மணலைத் தள்ளி மூடினேன். மேலே இன்னும் கொஞ்சம் தள்ளி, மிதித்துச் சமமாக்கினேன்.

பிறகு கடலில் இறங்கித் தெப்பத்தின் ஒரு மூலையைப் பிடித்தேன். தண்ணீர் இப்போதே சுடுகிறது.